ஹெரிஃபோர்ட்ஷயருக்கு நர்ஸ்களை அனுப்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து இங்கிலாந்துக்கு நர்ஸ்களை அனுப்பும் ஏஜென்ட்களுக்கும், நர்சிங் கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் திண்டுக்கல்காரி. எட்டு ஆண்டுகளாக இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். நீங்கள் இந்தப் பக்கம் அனுப்பிவைக்கும் பிள்ளைகளில் பலர், வந்த முதல் வாரத்திலேயே யாரிடமாவது என் எண்ணை வாங்கிக் கூப்பிடுகிறார்கள். சம்பளத்தைப் பற்றியோ குளிரைப் பற்றியோ அவர்கள் அதிகம் கேட்பதில்லை. "அக்கா, இங்கே பஸ் எங்கே ஏறணும்? எத்தனை மணி வரைக்கும் ஓடும்?" என்பதுதான் முதல் கேள்வி. இதற்கான பதில் அவர்களுக்கு உங்கள் அலுவலகத்திலேயே, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ப் பெயர். இங்கிலாந்தில் ஹெரிஃபோர்ட்ஷயர் என்று ஒன்று, ஹார்ட்ஃபோர்ட்ஷயர் என்று இன்னொன்று. ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஹார்ட்ஃபோர்ட்ஷயர் லண்டனை ஒட்டியது. நான் இருப்பது வேல்ஸ் எல்லையில், லண்டனிலிருந்து ஏறத்தாழ 220 கி.மீ. தள்ளி. என்னை அனுப்பிய ஏஜென்ட் "லண்டனுக்குப் பக்கத்துலதாம்மா, அரை மணி நேரம்" என்றார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு பெயரையும் குழப்பிக்கொண்டிருக்கிறார், வரைபடத்தைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த அரை மணி நேரத்தை நம்பித்தான் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், நவம்பர் மாதத்தில், ஹீத்ரோவில் இறங்கினேன்.

விமான நிலையத்தில் உதவி மேசையில் இருந்த பெரியவர் என் கடிதத்தில் இருந்த முகவரியைப் படித்துவிட்டு, அஞ்சல் குறியீட்டின் மேல் விரலை வைத்தார். "எச்ஆர் என்று தொடங்குகிறது பாருங்கள். இது ஹார்ட்ஃபோர்ட் இல்லை அம்மா, ஹெரிஃபோர்ட்" என்றார். லண்டனில் ஹெரிஃபோர்ட் ரயில் கிளம்பும் பாடிங்டன் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அன்றைய நேரடி ரயிலைத் தவறவிட்டிருந்தேன். நியூபோர்ட் வரை ஒரு ரயில், அங்கே இறங்கி இரண்டு பெட்டியையும் இழுத்துக்கொண்டு நடைமேடை மாறி இன்னொரு ரயில். ஹெரிஃபோர்ட் நிலையத்தில் இறங்கும்போது இரவு பத்து மணி. எனக்கு ஒதுக்கியிருந்த அறையோ அங்கிருந்து இருபது கி.மீ.க்கு மேல் தள்ளி, ரயிலே இல்லாத ஒரு சின்ன ஊரில். ஞாயிறு இரவு, பஸ் கிடையாது. நிலைய வாசலில் நின்ற ஒரே டாக்ஸியில் ஏறினேன். கையில் இருந்த 200 பவுண்டில் 55 பவுண்டு அந்த ஒரு பயணத்தில் போனது. ஓட்டுநர் நல்ல மனிதர். கதவைத் திறக்க ஆள் வரும்வரை, பெட்டிகளின்மேல் வெளிச்சம் விழும்படி விளக்கைப் போட்டுவிட்டு, காத்திருந்துதான் கிளம்பினார். அந்த வெளிச்சம் இல்லாவிட்டால் வீட்டு எண்ணைக்கூட என்னால் படித்திருக்க முடியாது. தெருவிளக்கே இல்லாத தெரு அது.

என் கதையை இதற்குமேல் நீட்டவில்லை. எட்டு ஆண்டு கழித்தும் அதே ஞாயிற்றுக்கிழமைக்கே டிக்கெட் போடுகிறீர்களே, அதுதான் மனதை அறுக்கிறது.

இந்த மாவட்டம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்கிறேன். பரப்பு ஏறத்தாழ 2,180 சதுர கி.மீ. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மக்கள் 1,87,000 பேர். அதாவது சதுர கிலோமீட்டருக்கு நூறு பேர்கூட இல்லை. நம் தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படியே 555 பேர். ஆப்பிள் தோப்பும், மாட்டுப் பண்ணையும், நடுவே வை ஆறும்தான் ஊர். மனதுக்கு இதமான இடம், நான் இதைவிட்டுப் போக நினைத்ததே இல்லை. ஆனால் இவ்வளவு பெரிய மாவட்டத்துக்கு ரயில் நிலையங்கள் மொத்தமே நான்கு: ஹெரிஃபோர்ட், லெட்பரி, கோல்வால், லெம்ஸ்டர். இந்த லெம்ஸ்டரை ஆங்கிலத்தில் எழுதும்போது "லியோமின்ஸ்டர்" என்று படிக்கத் தோன்றும். அப்படிச் சொல்லி விசாரித்தால் எதிரே இருப்பவருக்கு ஒரு நொடி புரியாது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

மற்ற ஊர்களுக்கும் ஒரு காலத்தில் ரயில் இருந்தது. ராஸ்-ஆன்-வை வழியாக குளோஸ்டர் போன பாதையிலும், ப்ரோம்யார்டிலிருந்து வூஸ்டர் போன பாதையிலும் 1964இல் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். வேல்ஸ் எல்லையில் புத்தகக் கடைகளுக்குப் பேர்போன ஹே-ஆன்-வை ஊருக்குப் போன பாதை 1962 முடிவோடு போயிற்று. கிங்டனுக்குப் போனது அதற்கும் முன்பே, 1955இல். ராஸிலும் ப்ரோம்யார்டிலும் இன்று மருத்துவமனை உண்டு, முதியோர் இல்லங்கள் உண்டு, நர்ஸ் வேலை உண்டு. ரயில்தான் கிடையாது. வேலைக் கடிதத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் நீங்கள் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

அப்புறம் பஸ். இதைப் புரிய வைப்பதுதான் எனக்கு எப்போதும் கஷ்டம். ஏனென்றால் நம் ஊர்ப் பிள்ளைக்கு பஸ் இல்லாத இடம் என்பதே மனதில் வராது. டவுன் பஸ் போகாத இடத்துக்கு மினி பஸ் போகும், அதுவும் இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோ. 2021இலிருந்து பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமும் கிடையாது. அப்படி வளர்ந்தவள் இங்கே வந்து நிறுத்தத்தில் நிற்கிறாள். கம்பத்தில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருக்கிறது. அதில் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு கட்டம், சனிக்கிழமைக்கு ஒரு கட்டம், அதோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டமே இல்லை என்பதைப் பலர் முதல் தடவை கவனிப்பதில்லை. அட்டவணை தவறவிட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

இது ஏன் இப்படி என்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஊரைக் குறை சொல்வதுபோல ஆகிவிடும். 1986இலிருந்து லண்டனுக்கு வெளியே பெரும்பாலான இடங்களில் பஸ் ஓட்டுவது தனியார் நிறுவனங்களின் முடிவு. கூட்டம் ஏறும் தடத்தில் அவர்களே ஓட்டுவார்கள். ஏறாத தடத்தில் உள்ளாட்சிக் கவுன்சில் பணம் கொடுத்தால்தான் வண்டி வரும். ஆளே குறைவான மாவட்டத்தில் கவுன்சிலின் கையில் எவ்வளவு பணம் இருந்துவிடும்? அதனால் ஹெரிஃபோர்டிலிருந்து பெரிய ஊர்களுக்குப் பகலில் வண்டி உண்டு, ஒரு வழிக்கு 3 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை. 2023இல் அது 2 பவுண்டாக இருந்தது, 2025 ஜனவரியில் 3 ஆக்கினார்கள். எவ்வளவு தூரம் போனாலும் அதே 3 பவுண்டு என்பது கிராமத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் மாலை ஆறு, ஏழு மணிக்கு மேல் பல தடங்களில் கடைசி வண்டி போய்விடும்.

இங்கேதான் நம் தொழில் வந்து இடிக்கிறது. வார்டில் லாங் டே என்றால் காலை ஏழு, ஏழரைக்குக் கையொப்பம், இரவு ஏழரை, எட்டுக்கு ஒப்படைப்பு. முதல் பஸ் வருவதற்கு முன்பே டூட்டி தொடங்கிவிடுகிறது, கடைசி பஸ் போன பிறகுதான் முடிகிறது. நைட் டூட்டிக்கும் இதே கதைதான், தலைகீழாக. கடைக்குப் போகிறவருக்கும் பள்ளிக்குப் போகிறவருக்கும் ஏற்ற மாதிரி போட்ட அட்டவணை இது. நர்ஸின் ரோஸ்டர் யாருடைய கணக்கிலும் இல்லை. டிசம்பர் 25 அன்று நாடு முழுவதும் பயணிகள் ரயிலே ஓடாது, இந்த ஊர்களில் பஸ்ஸும் கிடையாது. வார்டில் நோயாளிகள் இருப்பார்கள், புதிதாக வந்த பிள்ளையின் பெயரும் அன்றைய ரோஸ்டரில் இருக்கும்.

போன ஆண்டு ஜனவரியில் ஒரு பெண், வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது, ஒரு கிராமத்து முதியோர் இல்லத்தில் டூட்டி முடித்துவிட்டு ஐந்து கி.மீ. நடந்தே தன் அறைக்கு வந்தாள். வழக்கமாகக் காரில் கூட்டிப்போகும் சக ஊழியருக்கு அன்று உடம்பு சரியில்லை. நம் ஊரில் ஐந்து கி.மீ. நடப்பது ஒன்றுமில்லை. இங்கே கிராமச் சாலையில் நடைபாதை கிடையாது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு வேலிச்செடி, சாலை விளிம்பிலிருந்தே எழும்பி நிற்கும், ஒதுங்க ஒரு அடி இடம் இருக்காது. அந்தச் சாலைகளில் மணிக்கு 60 மைல் வரை போகலாம் என்பது சட்டம். அவள் போட்டிருந்தது கறுப்பு கோட். ஒவ்வொரு கார் வரும்போதும் முதுகை வேலிக்குள் அழுத்திக்கொண்டு, போன் விளக்கை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். மறுநாள் நான் பார்க்கப் போனபோது கோட்டின் முதுகு முழுக்க முள் இழுத்த கோடுகள். "காருக்குள்ள இருக்கறவங்களுக்கு என்னைத் தெரியவே இல்லக்கா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்று மாலையே ஒளிரும் மஞ்சள் மேலாடை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி நடக்க வேண்டும் என்பதும் அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. விசா, ஆஸ்கி தேர்வு (இங்கே நர்ஸாகப் பதிவு பெறத் தேற வேண்டிய செய்முறைத் தேர்வு), வங்கிக் கணக்கு என்று பத்துப் பக்கம் அச்சடித்துக் கொடுத்திருந்தீர்கள். அதில் இந்த ஒரு வரி இல்லை.

சரி, என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். இதில் பலவற்றுக்குப் பணமே ஆகாது.

இந்த மாவட்டத்துக்கு வருகிறவர்களுக்கு ஹீத்ரோ டிக்கெட் போடாதீர்கள், பர்மிங்ஹாமுக்குப் போடுங்கள். சென்னையிலிருந்து துபாய் வழியாக எமிரேட்ஸில் பர்மிங்ஹாம் வரலாம். விமான நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்குக் கட்டணமில்லாத சிறு ரயில் இரண்டே நிமிடத்தில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து பர்மிங்ஹாம் நகரத்தின் நியூ ஸ்ட்ரீட் நிலையம் கால் மணி நேரத்துக்குள். நியூ ஸ்ட்ரீட்டில் ஹெரிஃபோர்ட் ரயில் பெரும்பாலும் மணிக்கு ஒன்று, பயணம் ஒன்றரை மணி நேரம் போல. பாடிங்டனிலிருந்து வந்தால் நேரடி ரயிலுக்கே மூன்று மணி நேரம், அதுவும் நாளுக்குச் சில மட்டுமே. இரண்டு பெட்டியோடு, தூக்கம் கெட்டு, முதல் முறை வெளிநாடு வரும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் சின்னதில்லை.

பர்மிங்ஹாம் பாதையில் வரும்போது மால்வர்ன் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் ரயில் நுழையும், ஒரு நிமிடம் போல இருட்டு, வெளியே வந்தால் கோல்வால். அதுதான் இந்த மாவட்டத்தின் முதல் நிலையம். அடுத்து இன்னொரு சுரங்கம், அது முடிந்ததும் லெட்பரி. அதைத் தாண்டியதும் 31 வளைவுகள் கொண்ட பழைய செங்கல் பாலத்தின் மேல் ரயில் போகும், கீழே வயல்வெளி. ஊருக்கு வந்துவிட்டோம் என்று எனக்கு இன்றும் தோன்றுவது அந்த இடத்தில்தான். இந்தப் பகுதியில் நெடுந்தூரத்துக்கு ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் ரயில் தாமதமானால் இதுவும் நிற்க வேண்டும். ஆகவே ஹெரிஃபோர்டில் கடைசி பஸ்ஸை நம்பி நிமிடக் கணக்கில் திட்டம் போட்டுக் கொடுக்காதீர்கள். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

எந்த நாளில் வந்து இறங்குவது என்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. செவ்வாய், புதன், வியாழன், பகல் நேரம். ஞாயிறு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ரயில் காலையில் தாமதமாகத்தான் தொடங்கும், தண்டவாள வேலை என்று பாதியில் இறக்கி பஸ்ஸில் ஏற்றுவதும் அன்றுதான் அதிகம்.

ரயில் கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. 30 வயது வரை இருப்பவர்களுக்கு ரயில்கார்டு கிடைக்கும், பெரும்பாலான டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. நீங்கள் அனுப்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த வயதுதான். ஆஸ்கி தேர்வுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் மையம் கிடைத்தால், ஹெரிஃபோர்டிலிருந்து லண்டன் போகும் அதே பாதையில்தான் ஆக்ஸ்ஃபோர்ட் இருக்கிறது, மாறாமலே போகலாம். நார்தாம்ப்டன் என்றால் பர்மிங்ஹாமில் ஒரு மாற்றம். தேர்வு அன்று காலையில் கிளம்பிப் போய்ச் சேரலாம் என்று நம்ப வைக்காதீர்கள், முந்தின இரவே போய்த் தங்கச் சொல்லுங்கள்.

இனி நான் மிகவும் வற்புறுத்திக் கேட்பது: கார் ஓட்டத் தெரிந்த பிள்ளையாக அனுப்புங்கள். லைசென்ஸ் அட்டை இருக்கிறதா என்று நீங்கள் கேட்பதில்லை. கேட்டாலும் அட்டையோடு நின்றுவிடுகிறீர்கள், ஸ்டியரிங் பிடித்த அனுபவம் உண்டா என்று பார்ப்பதில்லை. இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே குடிவந்த நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். இங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுவது, அந்தக் கவலை இல்லை. 12 மாதம் முடிந்தால் இந்த நாட்டு லைசென்ஸ் வேண்டும்: 34 பவுண்டுக்குப் பழகுநர் உரிமம், 23 பவுண்டுக்கு எழுத்துத் தேர்வு, வார நாளில் 62 பவுண்டுக்கு ஓட்டுநர் தேர்வு. தேர்வுக்கு நாள் கிடைக்கவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வந்து பத்தாவது மாதம் விழித்துக்கொண்டால் நடுவில் பல மாதம் கார் வாசலில் நிற்கும், ஆள் நடந்து போவாள். ஆட்டோமேட்டிக் காரில் தேறினால் கியர் வண்டி ஓட்ட உரிமை கிடையாது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். புதியவருக்கு இன்ஷூரன்ஸ் கட்டணம் காரின் விலையைத் தொடும் அளவுக்கு வரும்போது பிள்ளைகள் திகைத்துப் போகிறார்கள். அதையும் முதல் ஆண்டுச் செலவில் சேர்த்துக் கணக்குக் காட்டுங்கள்.

உங்கள் கல்லூரிகளில் ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறீர்கள். இறுதியாண்டில் அதே பிள்ளைகளுக்கு ஒரு மாதம் டிரைவிங் ஸ்கூலில் ஏற்பாடு செய்யுங்கள். என்னோடு இருக்கும் கேரளத்துப் பெண்கள் பலர் ஓட்டக் கற்றுக்கொண்டே வந்தார்கள். வந்த மூன்றாம் மாதம் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கினார்கள். நம் பிள்ளைகள் அந்தக் காரில் தொற்றிக்கொள்வதற்காக, அவர்கள் ரோஸ்டரைப் பார்த்துத் தங்கள் ரோஸ்டரை மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஓட்டத் தெரியாதவர்களை அனுப்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஹெரிஃபோர்ட் நகரத்துக்குள் வேலையென்றால் தாராளமாக வரலாம். மாவட்ட மருத்துவமனை ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைதான். நகரத்துக்குள் வாடகை சைக்கிள் கிடைக்கிறது. மூடிப்போன ரயில் பாதை ஒன்றை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் நல்ல தடமாக மாற்றியிருக்கிறார்கள், விளக்கைப் போட்டுக்கொண்டு பயமில்லாமல் போகலாம். லெட்பரியிலோ லெம்ஸ்டரிலோ அறை எடுத்தாலும் ரயிலில் கால் மணி நேரத்துச் சொச்சத்தில் ஹெரிஃபோர்ட் வந்துவிடலாம். ஓட்டத் தெரியாதவளை இந்த இடங்களுக்கும், ஓட்டத் தெரிந்தவளை ராஸுக்கும் ப்ரோம்யார்டுக்கும் கிராமத்து இல்லங்களுக்கும் என்று பிரித்து அனுப்ப உங்களால் முடியும். ஒரே ஒரு கேள்வியை நேர்காணலில் சேர்த்தால் போதும்.

வேலை கொடுப்பவரிடமும் நீங்கள் கேட்க வேண்டும். பிள்ளைகளால் கேட்க முடியாது. வேலை போய்விடுமோ என்று பயப்படுவார்கள். பணியிடத்தின் அஞ்சல் குறியீடு என்ன, அங்கிருந்து ரயில் நிலையம் எத்தனை மைல், வார நாளில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஞாயிறன்று உண்டா, முதல் மூன்று மாதம் நடக்கும் தூரத்தில் தங்க இடம் தருவார்களா. இதை எழுத்தில் வாங்கி, தமிழிலேயே ஒரு பக்கமாக எழுதி, பிள்ளையின் அப்பா அம்மா கையிலும் ஒரு பிரதி கொடுங்கள். மகள் டூட்டி முடித்து எப்படி வீடு போகிறாள் என்று தெரியாமல் அவர்கள் திண்டுக்கல்லிலும் நாகர்கோவிலிலும் தூங்காமல் இருக்கிறார்கள். என் அம்மா அப்படித்தான் இருந்தார்.

இதை எழுத உடனடிக் காரணம் ஒன்று உண்டு. அடுத்த மாதம் ஒரு பெண் வருகிறாள். அவளுடைய அத்தை மூலமாக டிக்கெட்டின் படம் என் போனுக்கு வந்தது. ஹீத்ரோ, ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.40. வேலை, ரயில் இல்லாத ஊரில். அவளை அனுப்புகிறவர் உங்களில் ஒருவர், இதைப் படிக்கும்போது உங்களுக்கே தெரியும். தேதி மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பகலில் பர்மிங்ஹாமுக்கு மாற்றிப் போடுங்கள். அன்று எனக்கு ஆஃப். ஹெரிஃபோர்ட் நிலையத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு நானே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஹெரிஃபோர்ட்ஷயரில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ்